படமில்லாத பெட்டி

எனக்கு அறுபத்தேழு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. கூடுதல் இரண்டும் என் தங்கச்சி பிள்ளைகள். அவள் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனவள், திரும்பி வரவில்லை. ஐந்து பேரும் இன்று யார் கையையும் எதிர்பார்க்காமல் சாப்பிடுகிறார்கள். பெருமையாகச் சொல்ல என்னிடம் இருப்பதில் அதுதான் பெரியது. அதற்கு அடுத்ததைச் சொல்லத்தான் இதை எழுதச் சொன்னேன்.

எழுதச் சொன்னேன் என்பதையும் மறைக்கவில்லை. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. பஸ் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அதற்கு மேல் ஓடாது. இங்கிலீஷ் எனக்குக் கோலம் மாதிரி, வடிவம்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி பிரியா எழுதுகிறாள். நான் 'வந்தாக' என்றால் அவள் 'வந்தார்கள்' என்று எழுதுகிறாள். எழுத்துக்கு அதுதான் மரியாதையாம். இருக்கட்டும். ஆட்கள் பேசியதை மட்டும் மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன்.

சிவகாசியில் ஒரே அச்சகத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். போன மாதம் அங்கே கேமரா வைத்த மிஷின் ஒன்று வந்தது. அச்சான ஷீட்டை அதுவே பார்த்து, பழுதைத் தள்ளிவிடும். அதைப் பார்க்க வரும்படி எனக்கும் ஆள் அனுப்பினார்கள். போயிருந்தபோது சின்னப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "அந்தச் சிகரெட் பெட்டி விஷயம் என்ன, சொல்லுங்க ஆச்சி" என்றார்கள். அவர்களில் ஒருத்தி, போலீஸ் துப்பாக்கியோடு வந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இன்னொருத்தி, நான் முதலாளியைக் கைநீட்டி அடித்தேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். இப்படியே விட்டால் நாளைக்கு நான் குதிரையில் வந்தேன் என்பார்கள். நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பது நல்லது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் காகிதத் துண்டு பெருக்கினேன். அடுத்த வருஷம் வெட்டிய பெட்டிகளின் ஓரக் கழிவைக் கையால் உடைத்து எடுத்தேன். மூன்றாவது வருஷம் செக்கிங் மேசைக்கு வந்தேன். அதற்குப் பிறகு மேசை மாறவே இல்லை.

செக்கிங் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பெட்டிகள் தனித்தனியாக அச்சாவதில்லை. ஒரு பெரிய ஷீட்டில் இருபது பெட்டிகள், பிரித்துப் போட்டது போல அடுத்தடுத்து அச்சாகி வரும். அந்த ஷீட்டைப் பஞ்சிங் மிஷினில் கொடுத்தால் ஒவ்வொரு பெட்டியும் ஓரம் வெட்டுப்பட்டு, மடிக்கிற இடத்தில் தடம் விழுந்து வெளியே வரும். அதற்கு முன்னால் எல்லா ஷீட்டும் எங்கள் கண்ணைத் தாண்டிப் போக வேண்டும். இடது கையால் மூலையைத் தூக்கி, வலது உள்ளங்கையால் விசிறுவோம். ஒவ்வொன்றாக நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓட்டத்தில்தான் தெரியும். ஐம்பது ஷீட் ஒரே மாதிரி ஓடி, ஐம்பத்தோராவதில் ஒரு புள்ளி மாறினால் கண் கல்லில் இடறினது போல நின்றுவிடும். அந்த ஷீட்டை உருவிக் கீழே போட வேண்டும். மற்றதை எல்லாம் ஒரே பக்கமாகத் தலை வைத்து அடுக்க வேண்டும். தலை என்றால் ஷீட்டின் மேல் ஓரம். அது சுவர்ப்பக்கம் இருக்க வேண்டும். அடுக்கில் ஒரு ஷீட் தலைகீழாகக் கிடந்தாலும் பஞ்சிங்கில் அது பாழ்.

பார்த்து முடித்த கட்டின் மேல் ஒரு சீட்டு வைப்போம். பதினான்கு பெண்கள் இருந்த செக்ஷனில் மூத்தவள் நான் என்பதால் சீட்டில் என் அடையாளம்தான் இருக்கும். 'செ' என்று ஒரே எழுத்து. செல்லத்தாய் என்று முழுசாக எழுதினால் நேரமாகும். அந்த எழுத்து இல்லாமல் எந்தக் கட்டும் லோடு ஏறாது.

எங்களுக்கு மேலே சூப்பர்வைசர் தேவசகாயம் அண்ணாச்சி. அவரைப் பற்றி நின்று சொல்ல வேண்டும். ஒல்லியான மனுஷர். சட்டைப் பையில் ஒரு சின்ன லென்ஸ், ஒரு பென்சில், மடித்த கைக்குட்டை. ஞாயிறு கோயிலில் பாடுகிற நல்ல குரல் என்பார்கள். எங்களிடம் அந்தக் குரலை எடுத்ததே இல்லை. மேசை பக்கம் வந்தால் ஒரே கேள்வி.

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு அண்ணாச்சி."

"மறுபடி பாரு."

அவ்வளவுதான். போய்விடுவார். யாராவது பழுதைத் தவறவிட்டால் திட்ட மாட்டார். அந்த ஷீட்டைக் கொண்டுவந்து அவள் மேசையில் விரித்து வைத்துவிட்டு, ஒரு எட்டுத் தள்ளிப் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அவளாகப் பழுதைக் கண்டுபிடிக்கும் வரை நிற்பார். ஒருதரம் நான் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரத்துக்குப் பதிலாக இரண்டு அடி கொடுத்திருக்கலாம் என்று நினைத்தேன்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை இது: ஆர்டர் கொடுத்த பார்ட்டி கையெழுத்துப் போட்ட மாதிரி ஷீட் ஒன்று சுவரில் குத்தியிருக்கும். அச்சாகி வருவது அதுபோல இருந்தால் சரி, இல்லாவிட்டால் பழுது. மாதிரிதான் எங்களுக்குச் சாமி.

காலண்டர், டைரி, பட்டாசு லேபிள், தீப்பெட்டி லேபிள், ஊதுபத்தி அட்டை எல்லாம் பார்த்திருக்கிறேன். பீடிக் கட்டு லேபிளும், சின்னக் கம்பெனிகளின் சிகரெட் பெட்டியும் வரும். புகையிலைச் சாமான் என்றால் சர்க்கார் சட்டப்படி ஒரு படம் கட்டாயம். பெட்டியில் பெரிய இடத்தை அந்தப் படம்தான் பிடித்துக்கொள்ளும். புண்ணான வாய், வீங்கிய தொண்டை, அந்த மாதிரி. புதிதாக வருகிற பெண்கள் முதல் நாள் சாப்பாட்டு வாளியைத் திறக்க மாட்டார்கள். பத்து நாள் போனால் அதே மேசையில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிடுவார்கள். நாங்கள் அந்தப் படத்துக்குத் தொண்டைக்காரர் என்று பேர் வைத்திருந்தோம். "இன்னைக்குத் தொண்டைக்காரர் வந்திருக்காரு, வேலை சுளுவு" என்போம்.

ஏன் சுளுவு என்றால், பெட்டியில் மற்ற எழுத்தெல்லாம் இங்கிலீஷ். எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதில் மேல் எது கீழ் எது என்று தெரியாது. தொண்டைக்காரர் தலை எந்தப் பக்கமோ அதுதான் ஷீட்டின் தலை. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. நாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம். அண்ணாச்சிக்கே தெரியாது. ஒருதரம் தூத்துக்குடியில் கப்பலேறுகிற வெளிநாட்டு ஆர்டர் வந்தது. அதில் தொண்டைக்காரர் இல்லை. விரல் கறுத்த ஒரு கால் இருந்தது. சுழித்துச் சுழித்து வேறு ஏதோ எழுத்து. நாங்கள் காலைத் தலையாக வைத்து அடுக்கினோம். ஒரு கட்டும் பிசகவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருஷம் முந்தி, ஒரு மாசி மாதம். மாசி, பங்குனி எங்களுக்கு வறட்சிக் காலம். காலண்டர் சீசன் முடிந்துவிடும், நோட்டு அட்டை ஆர்டர் இன்னும் தொடங்கியிருக்காது. வாரத்தில் மூன்று நாள் வேலை இருந்தாலே கும்பிட்டுக்கொள்வோம். அந்த நேரத்தில் ஒரு பெரிய சிகரெட் பெட்டி ஆர்டர் வந்தது. சித்திரை வரைக்கும் தினமும் வேலை என்று அண்ணாச்சி வந்து சொன்னார். முத்துமாரி என்று ஒரு பெண், எனக்கு அடுத்த மேசை, வாய் கொஞ்சம் நீளம். அவள் எழுந்து நின்று கும்பிட்டாள்.

"இருக்கன்குடி மாரியம்மா கண்ணத் தொறந்துட்டா. ஆடிக்கு நடந்தே வாரேன் தாயி."

"போன வருஷம் வேண்டுனதுக்கே நீ இன்னும் நடக்கல" என்றேன்.

"ரெண்டையும் சேத்து ஒரே நடையா நடந்துருவேன்க்கா."

ஷீட் வந்தது. அழகான பெட்டி. மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரு தங்கக் கோடு, நடுவில் இங்கிலீஷ் எழுத்து. சுவரில் மாதிரியும் அப்படியே இருந்தது. புள்ளி, கறை ஒன்றும் இல்லை. ஓட்டம் நன்றாக இருந்தது. அன்று முழுக்கப் பார்த்து அடுக்கினோம். பதினான்கு மேசைக் கட்டுகளும் ஒன்றாகச் சேர்ந்து பஞ்சிங்குக்குப் போயின.

மறுநாள் காலை பஞ்சிங் மிஷின் நின்றது. வெட்டுப்பட்ட பெட்டிகளில் பாதி, எழுத்தின் குறுக்கே மடிப்புத் தடத்தோடு கிடந்தன. ஒரு நாள் வேலையில் பாதி தலைகீழ். என் முப்பது வருஷத்தில் அப்படி ஒன்று நடந்ததில்லை.

அண்ணாச்சி பாழான ஷீட்டைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். ஒரு எட்டுத் தள்ளிப் போனார். கையைப் பின்னால் கட்டினார்.

நான் பார்த்தேன். முத்துமாரியிடம் கேட்டேன்.

"மாரி, நீ எதத் தலன்னு வச்ச?"

"செவப்புக் கோட்ட. குங்குமம் மேலதான இருக்கும்?"

நான் தங்கக் கோட்டைச் சுவர்ப்பக்கம் வைத்திருந்தேன். ஒவ்வொரு மேசையாகக் கேட்டால், ஏழு பேர் சிவப்பு, ஏழு பேர் தங்கம். அண்ணாச்சி ஆச்சரியமாகப் பார்த்தார்.

"சிகரெட் பெட்டிக்கு இம்புட்டு நாளா எத வச்சுத் தல பாத்தீக?"

"படத்த வச்சு அண்ணாச்சி. தொண்டைக்காரர வச்சு."

"சரி. இதுல ஏன் பாக்கல?"

"இதுல அவரு இல்லையே."

அண்ணாச்சி ஷீட் பக்கம் குனிந்தார். லென்ஸை எடுத்தார். எதற்கு எடுத்தார் என்று இன்றுவரை தெரியவில்லை, உள்ளங்கை அளவு படம் இல்லாததைப் பார்க்க லென்ஸ் எதற்கு? ஷீட்டைத் திருப்பினார், சுவரில் இருந்த மாதிரியைப் பார்த்தார், மறுபடி ஷீட்டைப் பார்த்தார். "வெலையும் இல்ல. கம்பெனி அட்ரசும் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இங்கிலீஷ் படித்த மனுஷர். அச்சேறும் முன் நான்கு நாளாக அந்த மாதிரியில் இருந்த ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்திருக்கிறார். இருந்ததை எல்லாம் பார்த்தார். இல்லாதது அவர் கண்ணில் படவில்லை. எங்களுக்கும் கண்ணில் பட்டும் உறைக்கவில்லை. மாதிரி போல இருக்கிறதே என்று விட்டுவிட்டோம்.

என்னையும் கூட்டிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார். பெரிய முதலாளி படுக்கையில் விழுந்து, மகன் பொறுப்புக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நல்ல பிள்ளைதான். மிஷினுக்கு வாங்கிய கடன் கழுத்தில் இருந்தது.

"வெளிநாட்டுச் சரக்கு அண்ணாச்சி. நம்ம ஊர்ப் படம் அங்க வேண்டாம்னு பார்ட்டி சொல்லிட்டாரு" என்றார்.

"எந்த நாடுன்னு சொன்னாகளா?"

"அதெல்லாம் நமக்கு எதுக்கு? மாதிரியில அவர் கையெழுத்து இருக்குல்ல."

நான் ஒரு எட்டு முன்னால் வந்தேன். அந்த அறையில் நான் நின்றதே இரண்டாவது தடவை.

"முதலாளி, முன்ன கப்பலுக்குப் போன ஆர்டர்லயும் படம் இருந்துச்சு. வேற படம், ஆனா இருந்துச்சு. எந்த நாடுன்னு கூடவே ஒரு காயிதமும் குத்தி வந்துச்சு. இதுல ரெண்டும் இல்ல."

"செல்லத்தாயம்மா, பாழானத மறுபடி அடிச்சுத் தாரேன். செவப்பு மேலன்னு வச்சுப் பாத்து முடிங்க. வெள்ளிக்கெழம லோடு ஏறணும்."

"பாக்கேன் முதலாளி. ஆனா என் எழுத்து அதுல வேண்டாம்."

அவர் முகம் மாறியது. கோபம் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர் முகம். "ஒங்க எழுத்து இல்லைன்னா லோடு நிக்காது. வேற ஆள் போடுவாங்க" என்றார்.

அன்று மதியமே சீட்டுக் கட்டும் பேனாவும் முத்துமாரி மேசைக்குப் போனது. மூத்த செக்கர் வேலையும் அவளுக்குத்தான் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்.

செக்ஷனில் யாரும் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. முத்துமாரிதான் பேசினாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

"ஒங்க ஒத்த எழுத்துக்கு அம்புட்டுக் கிராக்கியாக்கா? ஒங்க பிள்ளைக வளந்து நின்னாச்சு. எனக்கு மூணும் பள்ளிக்கூடம் போகுது. இந்த ஆர்டர் போச்சுன்னா பங்குனிக்கு ஒங்க வீட்டுல வந்தா நாங்க சாப்பிட?"

"வா. ஒலை வைக்கேன்."

"பதினாலு பேருக்கும் ஒலை வைப்பீகளா?"

அவள் கேட்டது நியாயமான கேள்வி. இரண்டு உண்மையும் அந்த இடத்தில் இருந்தன, என்னுடையது ஒன்று, அவளுடையது ஒன்று. என் வாளியை மூடிவிட்டு மேசைக்குப் போனேன்.

அன்று சாயங்காலம் வரை முத்துமாரி ஒரு சீட்டிலும் எழுதவில்லை. கை வலிக்கிறது என்றாள். அண்ணாச்சி அவள் மேசை பக்கம் வந்து வழக்கம்போலக் கேட்டார்.

"பாத்தாச்சா?"

"பாத்துக்கிட்டே இருக்கேன் அண்ணாச்சி."

அவர் "மறுபடி பாரு" என்று சொல்லாமல் போனார். அது எனக்குப் புதுசாக இருந்தது.

வேலை முடிந்து கம்பெனி வேனில் ஏறும்போது அவள் பாழான பெட்டி ஒன்றைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்ததை நான் பார்த்தேன். கேட்கவில்லை. அவள் புருஷன் திருத்தங்கல் பஸ் நிறுத்தத்தில் பெட்டிக்கடை வைத்திருந்தார். அவரிடம் காட்டத்தான் கொண்டுபோனாள் என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. வேனிலேயே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அவுகட்டக் காட்டினேன். கையில வாங்கவே மாட்டேன்னுட்டாக."

"ஏனாம்?"

"இப்படிப் படமில்லாத பெட்டியத்தான் ஒருத்தன் மோட்டார் சைக்கிள்ல கடை கடையாக் கொண்டாரானாம். பாதி வெலைக்குத் தாரானாம். வரி கட்டுன சரக்க அந்த வெலைக்கு யாராலயும் குடுக்க முடியாதாம். எதுத்த கடைக்காரர் வாங்கிப் போட்டு, ஆபீசர் வந்து கடையவே வழிச்சுட்டுப் போய்ட்டாங்களாம். அந்தக் கடையில யாரு வாங்குறா தெரியுமாக்கா? பாலிடெக்னிக் பயலுக. வெலை கம்மின்னு."

சாப்பாட்டுப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "எம் மூத்தவன் அடுத்த வருசம் அங்கதான் சேரப் போறான்" என்றாள்.

செக்ஷனுக்குள் நுழைந்ததும் சீட்டுக் கட்டை எடுத்து அண்ணாச்சி மேசையில் வைத்தாள். "எனக்கு எழுத வரல அண்ணாச்சி" என்றாள். அவள் எட்டாவது படித்தவள். என்னைவிட நன்றாக எழுதுவாள். மற்ற பன்னிரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி அந்தக் கட்டை வேறு யாரிடமும் நீட்டவில்லை. தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வாங்க" என்று எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார்.

முத்துமாரி தன் புருஷன் சொன்னதை அப்படியே சொன்னாள். முதலாளி நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். போனை எடுத்துப் பார்ட்டியைக் கூப்பிட்டார். எந்த நாட்டுக்கு, யார் பேரில், காகிதம் எங்கே என்று கேட்டார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் "சரி, சரி" என்று வைத்துவிட்டார்.

"காகிதம் எல்லாம் பிறகு வருமாம். இன்னைக்கே வண்டி அனுப்பி இருக்குறத எடுத்துக்கிடுறேன்னு சொல்றாரு."

"வெள்ளிக்கெழமைன்னவரு இன்னைக்கே வாராருன்னா வெளங்கலையா தம்பி?" என்றார் அண்ணாச்சி. முதலாளியைத் தம்பி என்று அவர் கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன். "அவுக வந்து எடுக்குறதுக்கு முந்தி நாமளே போய்ச் சொல்லிருவோம். அவுகளாக் கண்டுபிடிச்சு வந்தா நாமளும் கூட்டாளிதான். பிரஸ்ஸப் பூட்டிட்டாங்கன்னா அடுத்த காலண்டர் சீசன் இல்ல."

"போய்ச் சொன்னா மட்டும் விட்டுருவாங்களா?"

"விசாரிப்பாங்க. நாலு நாள் அலையணும். ஆனா சொன்னவன்னு பேரு இருக்கும்."

முதலாளி எங்களைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, சட்டையைச் சரி செய்துகொண்டு எழுந்தார். அண்ணாச்சியும் அவரும் ஒரே காரில் வரி அலுவலகத்துக்குப் போனார்கள். கேட்டைப் பூட்டி, யார் வந்தாலும் லோடு கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மதியம் ஒரு வண்டி வந்து ஹாரன் அடித்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. துப்பாக்கியும் இல்லை, குதிரையும் இல்லை.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். அச்சான ஷீட், அச்சடிக்கிற பிளேட், மாதிரி எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு அம்மா என் மேசைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் மகள் வயதுதான் இருக்கும்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிக்கல தாயி. தலைகீழா அடுக்கிட்டோம்."

அவர் சிரித்துவிட்டார். நான் தொண்டைக்காரர் கதையைச் சொன்னேன். அதை எழுதிக்கொண்டார். நானும் ஒன்று கேட்டேன்.

"பார்ட்டி வெளிநாடுன்னு சொன்னது பொய்தானா?"

"பாதி நிஜம்மா. பெட்டி இங்கிருந்து வெளியே போகும். அங்கே சிகரெட்டை அடைச்சு, திருட்டுத்தனமா இதே ஊருக்குத் திரும்பி வரும். வர்ற வழியில எங்கேயும் வரி கட்டாது. படமும் இருக்காது. அதான் பாதி விலை."

"வரிய ஏத்துறதாலதான இப்படிக் கொண்டாராங்க? கொறைச்சா என்ன?"

"குறைச்சா எல்லாப் பெட்டியும் மலிவாயிடுமே. காலேஜ் பசங்க கைக்கு எட்டாம இருக்கத்தான் விலையை ஏத்தி வைக்கிறது. அந்த வேலிக்குக் கீழே இவங்க பொந்து போடுறாங்க."

வேலி, பொந்து என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது.

என்னை நல்லவள் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. புகையிலை லேபிளும் பார்த்துத்தான் ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். அந்தக் காசு என் வீட்டுச் சோற்றில் இருந்தது. ஆனால் உள்ளே இருப்பது என்னவென்று பெட்டியின் மேலே சொல்லியிருந்தது. வாங்குகிறவன் தொண்டைக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினான். அதையும் மறைத்து ஒரு பெட்டி போகும் என்றால் அதில் என் எழுத்து எதற்கு?

பிறகு கஷ்டம் வராமல் இல்லை. விசாரணை முடியும் வரை பத்துப் பன்னிரண்டு நாள் அச்சகம் ஓடவில்லை. பங்குனி முழுக்க வாரத்துக்கு இரண்டு நாள்தான் வேலை. மூன்று பெண்கள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள், அதில் ஒருத்தி என்னைப் பார்த்தால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முத்துமாரி ஊரில் கடலை உடைக்கப் போனாள். நானும் போனேன். ஒரே சாக்கின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து உடைத்தோம். "ஒலை வைக்கேன்னீகளே, இதானா?" என்று கேட்டாள். "பச்சக் கடலையத் தின்னுக்கோ" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சித்திரையில் நோட்டு அட்டை ஆர்டர் வந்தது. அச்சகத்தைப் பூட்டவில்லை. தானாக வந்து சொன்னதால் எச்சரிக்கையோடு விட்டார்கள். மிஷின் ஓடத் தொடங்கிய அன்று முதலாளி எங்கள் செக்ஷனுக்கு வந்தார். இனிமேல் புகையிலை ஆர்டர் எது வந்தாலும் மாதிரி ஷீட் முதலில் செக்கிங் மேசைக்கு வரும், படமும் விலையும் கம்பெனி அட்ரசும் இருக்கிறதா என்று பார்த்து மூத்த செக்கர் அடையாளம் போட்ட பிறகுதான் மிஷினில் ஏறும் என்றார். முப்பது வருஷம் அச்சடித்த பிறகு பார்த்தவள் நான். அச்சடிப்பதற்கு முன்னால் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணாச்சி பின்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்று பார்த்தேன்.

அண்ணாச்சி ஓய்வு பெற்று இப்போது மதுரையில் மகளோடு இருக்கிறார். என் இடத்தில் முத்துமாரி இருக்கிறாள். புது கேமரா மிஷினை அவள்தான் எனக்குக் காட்டினாள். நல்ல மிஷின். நான் கால் மணி நேரம் தேடிய பழுதை அது கண் இமைப்பதற்குள் தள்ளிவிடுகிறது. பெண்களுக்குக் கழுத்து வலி மிச்சம். ஆனால் அதுவும் மாதிரியோடுதான் ஒத்துப்பார்க்கும், மாதிரி சரியா என்று அதற்குத் தெரியாது. அதனால் மாதிரியை மிஷினுக்குக் கொடுக்கும் முன்னால் முத்துமாரி கையில் எடுத்துப் பார்க்கிறாள். சுற்றி நிற்கும் பெண்களிடம் ஒவ்வொருத்தியாகக் காட்டி, "இதுல என்ன இல்ல, சொல்லுங்கட்டி" என்று கேட்கிறாள். போன மாசி மாதம் ஒரு ஆர்டரை இப்படித் திருப்பி அனுப்பினார்களாம். அதுவும் வறட்சிக் காலம்தான். இந்தத் தடவை யாரும் யாரோடும் சண்டை போடவில்லை என்றாள்.

அவள் மூத்தவன் பாலிடெக்னிக் முடித்து அதே அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறான்.

இந்தக் கட்டுரையை அச்சகத்தில் எல்லார் முன்னாலும் வாசிக்கப் போகிறார்களாம். முத்துமாரியும் உட்கார்ந்து கேட்பாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் என்னைக் கேட்ட கேள்வி அன்றைக்குப் பதினான்கு வீட்டு அடுப்புக்காகக் கேட்டது. மறுநாள் பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது தனக்கு வந்த பெரிய வேலையையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தாள். நான் விட்டுக்கொடுத்தது ஒரு எழுத்து, அவள் விட்டுக்கொடுத்தது அதைவிடப் பெரிது. அது நான் சொன்னதில் சரியாக விழுந்திருக்கிறதா என்று தெரியவில்லை. ஏ பிரியா, பேனாவைக் கீழே வை. முத்துமாரி வருகிற இடத்தை மட்டும் மெதுவாக வாசி, கேட்போம்.